ரோவல் ரோட்டுக்குப் போன தாம்பூலத் தட்டு

உர்சுலா அக்காவைப் பற்றி யாராவது "பாவம், ரொம்ப நல்ல மனசு" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனசுக்காரர்களுக்கு சிராங்கூன் ரோட்டில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள், கிறிஸ்மஸுக்குப் பழைய சட்டை கொடுப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அக்காவிடம் இருந்தது ரோஷம். தன்னுடைய ரோஷத்தைப் போலவே அடுத்தவர் ரோஷத்தையும் மதிக்கத் தெரிந்தவர், நான் பார்த்த வரையில் அவர் ஒருவர்தான். அதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்லுவேன்.

அக்கா கண்டாங் கெர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. அவர் கணவர் அருளப்பன் ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். அந்த மனுஷர் வாயைத் திறந்து சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழைதான். பிள்ளைகள் இல்லை. கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அவர்கள் முன்னறையிலும் நாங்கள் பின்னறையிலும் குடியிருந்தோம். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி. அவர்கள் வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். நாங்கள் வீரமாகாளியம்மன் கோயில் கூட்டம். யார் உலை முதலில் ஏறுவது என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு தகராறு வந்ததில்லை.

மாதா கோயில் தமிழர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து, டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு தகரக் கூரைக் கூடத்தில் 'சமாரியர் அன்பகம்' என்று ஒன்றை நடத்திவந்தார்கள். இல்லாதவர்களுக்கு வார நாளில் மருந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு. அக்கா காலைப் பூசை முடிந்ததும் நேராக அங்கே போய் அடுப்பு மூட்டிவிடுவார். "வெங்காயம் நறுக்க ஆளில்லை, வா லா" என்று ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்த கத்தியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

நான் சொல்லவந்தது 1956ஆம் வருஷத்துக் கதை. அப்போது அன்பகத்தின் காரியதரிசி சூசைநாதன். சர்க்கார் ஆபீசில் கிளார்க். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சட்டையில் மடிப்புக் கலையக் கூடாது, காரியத்தில் ஒழுங்கு கலையக் கூடாது, அவ்வளவுதான் அவர். பின்பக்கத்துக் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும், கையில் தட்டு கொண்டுவர வேண்டும், ஊற்றியதை வாங்கிக்கொண்டு நகர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த முறை. தேக்கா மார்க்கெட் பக்கத்துப் பிச்சைக்காரர்கள் சிலர் வருவார்கள். வழிப்போக்கர்கள் வருவார்கள். பாதிச் சோறு பானையிலேயே கிடக்கும்.

"தேவையில்லாத இடத்துல சோறாக்கிக் கொட்டுறது பாவம், மிஸஸ் அருளப்பன். பசி இருந்தா வருவாங்க. வரலைன்னா பசி இல்லைன்னுதான் அர்த்தம்" என்றார் சூசைநாதன். ஜூன் கடைசி ஞாயிறோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவது என்று பேச்சாகிவிட்டது. அரிசி கொடுத்துவந்தவர் மளிகை மொத்த வியாபாரி நெய்னா முகம்மது. அவர் அந்தக் கடைசி ஞாயிறு நேரில் வந்து பார்ப்பார், அவர் பார்த்து, நிறுத்தலாம் என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது.

அக்கா வீட்டுக்கு வந்து கரண்டியை வைத்த சத்தத்தில் அருளப்பன் அண்ணனே தலை நிமிர்ந்து பார்த்தார்.

"பசி இல்லையாம்! அந்த ரோவல் ரோட்டு மாடிக்கு ஒருதடவை ஏறிப் பாக்கச் சொல்லு லீலா, அவரை!"

அந்த மாடி எனக்கும் தெரியும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், ரோட்டுக்குத் தார் ஊற்றியும், உடம்பு ஓய்ந்துபோன கிழவர்கள் பலகைத் தட்டுகளில் அடுக்கி வைத்ததுபோல் அங்கே படுத்திருப்பார்கள். பெண்டாட்டி பிள்ளை என்று பக்கத்தில் யாரும் இல்லாதவர்கள். காலையில் பாலில்லாத ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு, மத்தியானப் பசியைத் தூங்கிக் கழிப்பார்கள். அன்பகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் ஒருவரும் வந்ததில்லை.

அந்த வாரம் அக்கா ஆஸ்பத்திரி உடுப்போடேயே போய் மாடிப்படி உச்சியில் நின்று, "ஞாயித்துக்கிழமை அன்பகத்துல சோறு போடுறோம், எல்லாரும் வாங்க!" என்று குரல் கொடுத்தார். "சரி ஆயாம்மா" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிழவர்கள் வரவில்லை.

மறுநாள் அக்கா படியேறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு படியும் அதிர்ந்தது. மேலே வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் பெரிய கூட்டத்துக்கே மண்டோராக இருந்து வேலை வாங்கியவர். உயரமான மனிதர். இப்போது விலா எலும்பு எல்லாம் வெளியே தெரிந்தது.

"என்ன மண்டோரே, உங்க யாருக்கும் பசியே கெடையாதா? சோத்தை ஆக்கி வச்சிக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தோம்!"

"யாரைக் கூப்பிட்டீங்க, ஆயாம்மா?"

"எல்லாரையும்தான்."

"எல்லாரையும்னா யாரை? என்னைக் கூப்பிட்டீங்களா? படியில நின்னு பொதுவா ஒரு சத்தம் போட்டீங்க. கோழியைத்தான் அப்படிக் கூப்பிட்டுத் தீனி போடுவாங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தட்டைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்கிற அளவுக்கு இந்த வைரக்கண்ணு இன்னும் வரலை."

குடல் ஒட்டிப்போய்க் கிடக்கும்போது இந்தப் பேச்சா! அக்கா பொரிந்து தள்ளப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ அந்த மனிதர் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு "நீங்க சொல்றது நியாயம்" என்றார். இறங்கிவிட்டார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினார். "எங்க சித்தப்பாவை ஒரு கல்யாணத்துக்கு ஆள்விட்டுச் சொன்னாங்க லீலா. நேர்ல வந்து கூப்பிடலைன்னு அவரு போகவே இல்லை. அவரு செஞ்சதுதான் சரின்னு தொண்டை கிழியச் சண்டை போட்டவ நான். எங்க சித்தப்பாவுக்கு உள்ள ரோஷம் இவங்களுக்கு இருக்கக்கூடாதா? வயிறு காஞ்சா ரோஷமும் காஞ்சிடணுமா?"

கடைசி ஞாயிற்றுக்கு முன்தினம் சாயங்காலம், அக்கா தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். என்னையும் பட்டுக் கட்டச் சொன்னார். என் வீட்டுத் தாம்பாளம், அவர் வீட்டுச் சந்தனக் கிண்ணம், வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, என் பங்குக்கு வீரமாகாளி கோயில் குங்குமம். ரோவல் ரோட்டில் நாங்கள் போவதைப் பார்த்தவர்கள், எந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். அக்கா அந்த மாடியில் ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்று, பேர் கேட்டு, பேர் சொல்லி, தட்டை நீட்டி அழைத்தார்.

"கோவிந்தசாமி அண்ணே, நாளைக்கு அன்பகத்துல சாப்பாடு. நீங்க அவசியம் வந்து எலையில உக்காந்து சாப்பிடணும்."

வெற்றிலையைக் கையில் வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "வரோம் தாயி. என்ன விசேஷம்?"

விசேஷம் இல்லாமல் அழைப்பு ஏது? இதை நாங்கள் யோசிக்கவே இல்லையே! ஆனால் அக்கா தடுமாறவில்லை.

"நாளைக்கு ஸ்நாபக அருளப்பர் திருநாள். அவரு எங்க வேதத்துல ஒரு அர்ச்சிஷ்டவரு, மகான். எங்க வீட்டுக்காரருக்கு அந்த அர்ச்சிஷ்டவரு பேருதான். எங்க வேதத்துல பொறந்த நாளைவிடப் பேர்த் திருநாள்தான் பெருசு, அண்ணே."

சொன்னது முழுக்க உண்மை. அருளப்பன் அண்ணனுக்குத்தான் தன் வீட்டில் விசேஷம் என்பது அன்று இரவுச் சோற்றின்போது தெரிந்தது. "அப்படியா" என்றார்.

ஒரே ஒரு இடத்தில் அக்கா சறுக்கிவிட்டார். வைரக்கண்ணு அப்போது மாடியில் இல்லை. ஏதாவது வேலை அகப்படுமா என்று தேக்கா பக்கம் போயிருந்தார். நேரமாகிவிட்டது, அடுப்படி வேலை காத்துக்கிடந்தது. "மண்டோர் வந்தா நான் கூப்பிட்டேன்னு சொல்லிடுங்க" என்று பக்கத்துப் பலகைக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் கூடத்தில் வாழையிலை போட்டாயிற்று. சாம்பார், பொரியல், ரசம், மோர், பாயசம் எல்லாம் தயார். நெய்னா முகம்மது சரியான நேரத்துக்கு வந்து, குடையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சூசைநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இலைகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒருவரும் இல்லை.

நான் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். எதிர்ச்சாரிக் கடை நிழலில் அத்தனை கிழவர்களும் நின்றார்கள்! துவைத்த வேட்டி, நெற்றியில் விபூதி, படிய வாரிய தலை. "ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க லா, சோறு ஆறுது!" என்றேன்.

"மண்டோர் வரலையேம்மா" என்றார் கோவிந்தசாமி. "அவரை விட்டுட்டு நாங்க எப்படி உக்கார்றது?"

"சொல்லிவிட்டோமே!"

"ஆமா, சொல்லித்தான் விட்டீங்க."

அந்தப் பதிலை நான் உள்ளே போய்ச் சொன்னதும் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். முந்தானையில் கையைத் துடைத்தார், தாம்பாளத்தை எடுத்தார்.

சூசைநாதன் பதறிப்போய் வழிமறித்தார். "எங்க போறீங்க மிஸஸ் அருளப்பன்? நிக்கிறவங்களைக் கூப்பிட்டு உக்கார வையுங்க. முதலாளி பாத்துட்டுப் போகட்டும். ஒருத்தருக்காக எல்லாத்தையும் கெடுத்துடாதீங்க."

"ஐயா, இன்னிக்கு இது எங்க வீட்டு விசேஷம். கூப்பிடாம விட்டது நான். நான்தான் போகணும்."

நெய்னா முகம்மது எழுந்து போய்விட்டால் அதோடு அன்பகத்துச் சோறு முடிந்தது என்பது அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனார். உச்சிவெயிலில் பட்டுப் புடவையோடு அவர் நடந்த வேகத்துக்கு, குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு நான் ஓட வேண்டியிருந்தது.

மாடியில் வைரக்கண்ணு மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஈரத் துண்டை மடித்து வயிற்றில் போட்டிருந்தார். ஆனால் தலைமாட்டு ஆணியில் வெள்ளைச் சட்டை ஒன்று தோய்த்து, தேய்த்து, தயாராகத் தொங்கியது.

"அண்ணே" என்றார் அக்கா. அதுவரை அவரை மண்டோர் என்றுதான் கூப்பிட்டிருந்தார். "ஆள்விட்டுச் சொன்னது என் தப்பு. இன்னிக்கு எங்க வீட்டுக்காரரு பேர்த் திருநாள். நீங்க வராம பந்தி தொடங்காது. அவசியம் வரணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அதுக்கென்ன தங்கச்சி, வரேன். நேத்தே ஒரு வார்த்தை..." என்றபடியே திரும்பிச் சட்டையை எடுத்தார்.

நாங்கள் வருவதைப் பார்த்ததும் எதிர்ச்சாரிக் கூட்டம் தெருவைக் கடந்தது. வைரக்கண்ணு முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் வர, கூடம் நிறைந்தது. நெய்னா முகம்மது போயிருக்கவில்லை. இருப்பதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "என்ன சூசைநாதன், சம்பந்தி வராம பந்தி போட்ட வீடு உருப்பட்டிருக்கா? இது தெரியாம நீங்க கடியாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே!" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அது சரி, எனக்கு எலை எங்கே? எனக்கும் வெத்தலை வச்சாத்தான் உக்காருவேன்" என்றார். அக்கா அவருக்கும் தட்டை நீட்டினார். அருளப்பன் அண்ணனுக்கும் வைரக்கண்ணுவுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர்ச் செம்பை சூசைநாதன் கையில் கொடுத்தார். பாவம், அவர் இலைக்கு ஊற்றியதைவிடத் தன் சட்டைக்கு ஊற்றியதுதான் அதிகம். ஆனால் கடைசி வரை செம்பைக் கீழே வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் தரம் சோறு கொண்டுபோனபோது கிழவர்கள் எல்லாரும் இலைமேல் கையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். "போதும் தாயி, வயிறு நெறைஞ்சிடுச்சி." அது வயிறு சொன்னதில்லை, கூச்சம் சொன்னது. அக்காவுக்கு அது தெரியும். அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொருவர் முன்னாலும் நகராமல் நின்றார். "கையை எடுங்கண்ணே" என்றார். எடுக்கும்வரை நின்றார். அன்றைக்குப் பானையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அந்தப் பந்தியில் பரிமாறினேன் என்பதை நான் என் கல்யாணத்தைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சாப்பாட்டை நிறுத்துகிற பேச்சு அதோடு நின்றது. பின்கேட்டு வரிசையும் நின்றது. வரிசையில் நின்றவர்களும் கூடத்துக்கு வந்து இலையில் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தாம்பூலத் தட்டு கிளம்புவது வாடிக்கையாயிற்று. ஒவ்வொரு வாரமும் விசேஷத்துக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டபோது, "வருஷத்துல எல்லா நாளும் எங்களுக்கு ஒரு அர்ச்சிஷ்டவர் இருக்காரு, நீ வெங்காயத்தைப் பாரு" என்றார் அக்கா. கோவிந்தசாமி மட்டும் ஒருமுறை, "சோத்தைப் போட்டு எங்களை வேதத்துல சேத்துடுவீங்களோ?" என்று கேட்டார். "உங்களை எல்லாம் சேத்தா கோயில்ல பெஞ்சு போதாது, அண்ணே. பேசாம மாரியம்மாவே உங்களைப் பாத்துக்கட்டும்" என்றார் அக்கா. கூடமே சிரித்தது.

கிழவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. விசேஷ வீட்டுக்கு அப்படி யார் வருவார்கள்? ஒருவர் முன்னதாகவே வந்து விறகு பிளந்தார், ஒருவர் தேங்காய் துருவினார். வைரக்கண்ணு பந்தி விசாரிக்கிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் மூட்டைகளை ஏவிய அதே குரலில், "அந்தக் கோடி எலைக்குத் தண்ணி!" என்று அவர் அதட்டுவார். சூசைநாதன் செம்போடு ஓடுவார்.

இப்படியே வருஷங்கள் போயின. 1962 ஆகஸ்டில் அருளப்பன் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தவர்தான். போகும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா உடைந்துபோனார். சமைப்பதை விட்டார். அன்பகத்துக்கு வருவதை விட்டார். ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்ததும் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அடுப்படியிலிருந்து, "அக்கா, ஒரு வாய் சாப்பிடுங்க" என்பேன். "பசிக்கலை" என்பார். கொண்டுபோய் வைத்த தட்டு அப்படியே திரும்பும். இரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிற அளவுக்கு இளைத்துவிட்டார். இந்த நிலை நீடித்தால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். ஒரு ஞாயிறு நான் பொறுக்க முடியாமல், "சும்மா வாங்க அக்கா, அன்பகத்துல ஒரு ஓரமா உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வரலாம்" என்றேன்.

"நானா? அங்க போய்ச் சாப்பிடுறதா?" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அதை அப்படியே வைரக்கண்ணுவிடம் சொன்னேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வைரக்கண்ணு வெள்ளைச் சட்டை போட்டு, கையில் தாம்பாளத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தார். பின்னால் கோவிந்தசாமியும் மற்றவர்களும் படிகளை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் ஓடிப்போய் மறித்தேன். கணவன் போய் வருஷம் திரும்பாத வீடு. அங்கே வெற்றிலை பாக்கு, பூ, சந்தனத்தோடு யார் வருவார்கள்? "என்ன மண்டோரே இது! துக்க வீட்டுக்கு..."

"தெரியும் லீலாம்மா. தெரிஞ்சிதான் வந்திருக்கோம். வழியை விடுங்க."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வைரக்கண்ணு வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, நாளைக்கு நம்ம அன்பகத்துல சாப்பாடு. நீ அவசியம் வந்து எலையில உக்காந்து சாப்பிடணும். நேர்ல கூப்பிட வந்திருக்கோம்."

அக்கா எழுந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார், படியில் நின்றவர்களைப் பார்த்தார். "என்ன விசேஷம், அண்ணே?" என்றார்.

"அர்ச்சிஷ்ட உர்சுலா அம்மா திருநாள். சாமியார்கிட்டப் போய்க் கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் வந்தேன். எங்க வீட்டுத் தங்கச்சிக்கு அந்தப் பேருதான். பொறந்த நாளைவிடப் பேர்த் திருநாள்தான் பெருசுன்னு அவதான் சொல்லியிருக்கா."

அக்கா கையை நீட்டி வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளைப் புடவையில் வந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் கால் அடுப்படிப் பக்கம் திரும்பியது. நான் கையைப் பிடித்து முதல் பந்தியில், அருளப்பன் அண்ணன் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்காரவைத்தேன். அத்தனை வருஷத்தில் அக்கா அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. சூசைநாதன் ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினார். நான் பொரியல் வைத்தேன், கோவிந்தசாமி சாம்பார் ஊற்றினார். அக்கா தலை குனிந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். அடுத்த தரம் சோறு வந்தபோது இரண்டு கையையும் இலைமேல் கவிழ்த்து, "போதும்ணே, நெறைஞ்சிடுச்சி" என்றார்.

வைரக்கண்ணு அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி நகராமல் நின்றார்.

"கையை எடு, தங்கச்சி" என்றார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு கையை எடுத்தார்.